மறுக்கத் தெரியாத சோதனை: ஏஎஃப்நெட்வொர்க்கிங் சான்றிதழ் ஓட்டையின் பின்னணி

ஒரு செயலி தன் சர்வரோடு பேசத் தொடங்கும்போது முதலில் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: எதிரில் இருப்பது உண்மையிலேயே அந்த சர்வர்தானா? 2015-இன் முதல் சில மாதங்களில் ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் இருந்த சுமார் 1,000 செயலிகள் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. பயனருக்கோ நிரலாளருக்கோ இது தெரியவும் இல்லை. செயலிகள் வழக்கம்போல ஓடின. உள்நுழைய முடிந்தது, படங்கள் வந்தன, பணம் செலுத்த முடிந்தது.

அந்தச் செயலிகளை எழுதியவர்கள் பாதுகாப்பை அணைத்து வைத்துவிட்டு மறந்துபோனவர்கள் அல்ல. நம்பி எடுத்துப் போட்ட ஒரு லைப்ரரியில், அதாவது வேறொருவர் எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்பில், ஒரு நிபந்தனை இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது. அதன் பெயர் ஏஎஃப்நெட்வொர்க்கிங். கோவாலா என்ற இருப்பிடப் பகிர்வுச் செயலியை உருவாக்கிய நிறுவனத்தில் பிறந்து, பிறகு ஐஃபோன், மேக் நிரலாளர்களின் அன்றாடக் கருவியாகிவிட்ட திறமூல லைப்ரரி. ஆப்பிள் தரும் நெட்வொர்க் வசதிகளை நேரடியாகக் கையாள நிறைய வரிகள் எழுத வேண்டும். இது அந்த வேலையைச் சில வரிகளில் முடித்துக் கொடுத்தது. அன்றைக்கு ஆப் ஸ்டோரில் இருந்த 14 லட்சம் செயலிகளில் ஏறக்குறைய ஒரு லட்சம் செயலிகள் இதைப் பயன்படுத்தின என்று சோர்ஸ்டிஎன்ஏ என்ற ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. ஒரு லட்சம் வீடுகளுக்கு ஒரே கொல்லர் பூட்டு செய்து கொடுத்தது போல.

என்ன நடந்தது என்று பார்ப்பதற்கு முன், சான்றிதழ் சோதனை என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம். இணையத்தில் நம் பேச்சைக் காக்கும் டிஎல்எஸ் நெறிமுறை இரண்டு வேலைகளைச் செய்கிறது. பேசுவதை மற்றவர் படிக்க முடியாதபடி குறியாக்குகிறது. யாரோடு பேசுகிறோம் என்பதை உறுதி செய்கிறது. விளம்பரங்களில் எல்லாம் முதல் வேலையைப் பற்றித்தான் பேச்சு. இத்தனை பிட் குறியாக்கம், அத்தனை பிட் சாவி என்று. ஆனால் இரண்டாவது வேலை நடக்காவிட்டால் முதலாவதால் பயனே இல்லை. காதும் காதும் வைத்தாற்போல ஒரு ரகசியத்தைச் சொல்கிறோம். அந்தக் காது யாருடையது என்று பார்க்காமல் சொன்னால் எவ்வளவு மெதுவாகச் சொல்லி என்ன?

இரண்டாவது வேலைக்குத்தான் சான்றிதழ். சர்வர் தன் சான்றிதழை நீட்டும். அதில் டொமைன் பெயர், பொதுச் சாவி, செல்லுபடியாகும் காலம், சான்றளித்த நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் எல்லாம் இருக்கும். அந்த நிறுவனத்தின் சான்றிதழில் அதற்கும் மேலான இன்னொரு நிறுவனம் கையொப்பமிட்டிருக்கும். இப்படியே மேலே ஏறிப் போனால், நம் ஃபோனிலேயே முன்கூட்டி நிறுவப்பட்ட மூலச் சான்றிதழ்களில் ஒன்றில் போய் முடிய வேண்டும். இந்தச் சங்கிலி அறுபடாமல் இருக்கிறதா என்பது ஒரு சோதனை. காலாவதி ஆகிவிட்டதா என்பது இன்னொன்று. நான் தேடி வந்த பெயரும் இந்தச் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதைத்தான் நிரல்கள் அடிக்கடி தவறவிடுகின்றன. ஒருவர் நீட்டும் ஓட்டுநர் உரிமம் அசலாகவே இருக்கலாம், அரசாங்கம் கொடுத்ததாகவே இருக்கலாம். அதில் உள்ள பெயர் அவருடையதா என்று பார்க்காவிட்டால், அசலாக இருந்து என்ன பயன்?

உலாவியில் இந்தச் சோதனைகளில் ஒன்று தோற்றால் திரை முழுக்க ஒரு எச்சரிக்கை வந்து நிற்கும். செயலியில் அப்படி எதுவும் கிடையாது. செயலி தானே முடிவெடுக்கிறது. அது சரியாக முடிவெடுத்ததா என்று பார்க்க நம்மிடம் முகவரிப் பட்டையும் இல்லை, பூட்டு அடையாளமும் இல்லை.

ஐஃபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்-இல் இந்தச் சோதனைகளையெல்லாம் இயங்குதளமே செய்துவிடும். நிரலாளர் எதையும் தொடாமல் விட்டால், கெட்ட சான்றிதழோடு வரும் இணைப்பை அது துண்டித்துவிடும். ஆனால் 'இந்த முடிவை நான் எடுக்கிறேன்' என்று செயலி பொறுப்பைக் கையில் வாங்கிக்கொள்ளவும் வழி உண்டு. அப்படி வாங்கிக்கொண்டால் இயங்குதளம் ஒதுங்கி நிற்கும். செயலி 'சரி' என்றால் அதற்கும் சரிதான். ஏஎஃப்நெட்வொர்க்கிங் இந்தப் பொறுப்பைத் தன் பயனாளர்கள் சார்பில் வாங்கிக்கொண்டது. அதற்கு நல்ல காரணம் இருந்தது. பின்னிங் என்ற கூடுதல் பாதுகாப்பைத் தருவதற்காக. வழக்கமான சோதனை, ஃபோன் நம்பும் எந்தச் சான்றளிப்பு நிறுவனம் கொடுத்த சான்றிதழையும் ஏற்கும். பின்னிங் செய்தால், 'என் சர்வரின் சான்றிதழ் இதுதான், வேறெதுவும் வேண்டாம்' என்று செயலிக்குள்ளேயே பதித்து வைக்கலாம். வங்கிச் செயலிகள் போன்றவற்றுக்கு இது உண்மையிலேயே உதவும்.

என்னை இந்தக் கதையில் மிகவும் உறுத்துவது இதுதான். கூடுதல் பாதுகாப்பு தருவதற்காக எழுதப்பட்ட பகுதியில்தான், அடிப்படைப் பாதுகாப்பே இல்லாமல் போனது.

2015 தொடக்கத்தில் வெளியான 2.5.1 பதிப்பில் இருந்த நிபந்தனையைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: பின்னிங் போடப்பட்டிருக்கிறது, மேலும் சான்றிதழ் செல்லாதது, மேலும் செல்லாத சான்றிதழை ஏற்க அனுமதி தரப்படவில்லை, இந்த மூன்றும் சேர்ந்து உண்மையாக இருந்தால் மறுத்துவிடு. படிக்கும்போது தப்பாகத் தெரியவில்லை. ஆனால் பின்னிங் போடாத செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதியே பொய்யாகிவிடுகிறது. அந்த நிரல்மொழியில் 'மேலும்' என்று கோத்த நிபந்தனைகளில் முதலாவது பொய்யானால் மற்றவை கணக்கிடப்படுவதே இல்லை. ஆகவே சான்றிதழ் செல்லுமா என்ற சோதனை ஓடாமலேயே நிரல் கீழே இறங்கும். கீழே காத்திருந்த வரி: பின்னிங் இல்லையா, அப்படியானால் ஏற்றுக்கொள்.

பெரும்பாலான செயலிகள் பின்னிங் போடாதவை. அவை எந்தச் சான்றிதழை நீட்டினாலும் ஏற்றுக்கொண்டன. தாமே கையொப்பமிட்டுக்கொண்ட சான்றிதழ், மடிக்கணினியில் அரை நிமிடத்தில் தயாரித்தது, எதுவானாலும் சரி. ஒரு காபிக் கடையின் வைஃபையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் உங்கள் ஃபோனுக்கும் சர்வருக்கும் நடுவில் புகுந்துகொண்டு, இந்தப் பக்கம் சர்வராகவும் அந்தப் பக்கம் உங்கள் ஃபோனாகவும் நடிக்கலாம். இரண்டு பக்கமும் குறியாக்கம் கச்சிதமாக நடக்கும். நடுவில் இருப்பவர் கடவுச்சொல்லை வெற்று எழுத்தாகப் படித்துக்கொண்டிருப்பார்.

மார்ச் 2015-இல் இதை வெளியே சொன்னவர்கள் இத்தாலியின் மைண்டட் செக்யூரிட்டி நிறுவனத்து ஆய்வாளர்கள். ஒரு வாடிக்கையாளரின் செயலியைச் சோதிக்கும்போது, வழக்கம்போல நடுவில் ஒரு ப்ராக்ஸியை, அதாவது போக்குவரத்தை இடைமறித்துக் காட்டும் நிரலை, வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ப்ராக்ஸியின் சான்றிதழை ஃபோனில் நிறுவாமலே போக்குவரத்து முழுவதும் கண்முன் ஓடியது. செயலியின் நிரலைத் தேடினால் அதில் பாதுகாப்பை அணைத்த வரி எதுவும் இல்லை. அதற்குப் பிறகுதான் லைப்ரரிக்குள் போய்ப் பார்த்தார்கள். அந்த மாதக் கடைசியிலேயே 2.5.2 பதிப்பு வெளியாகி இந்த ஓட்டையை அடைத்தது.

கதை இத்தோடு முடியவில்லை. ஏப்ரலில் சோர்ஸ்டிஎன்ஏ ஆப் ஸ்டோர் செயலிகளின் தொகுக்கப்பட்ட கோப்புகளையே அலசியது. மூல நிரல் கையில் இல்லாமலே, ஒரு செயலிக்குள் லைப்ரரியின் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பதை அதன் தடயங்களைக் கொண்டு கண்டுபிடிக்கும் முறை அவர்களிடம் இருந்தது. ஓட்டை புகுந்த பிறகு வெளியான அல்லது புதுப்பிக்கப்பட்ட சுமார் 20,000 செயலிகளை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 55 சதவீதம் பழைய 2.5.0 பதிப்பிலேயே தங்கிவிட்டதால் தப்பின. 40 சதவீதம் லைப்ரரியின் அந்தப் பகுதியைப் பயன்படுத்தவில்லை. மீதி 5 சதவீதம், அதாவது சுமார் 1,000, திறந்து கிடந்தன. புதுப்பிக்காமல் சோம்பி இருந்தவர்கள் தப்பினார்கள், கர்மசிரத்தையாகப் புதுப்பித்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று இதைப் பார்த்துச் சிலர் தப்பான பாடம் கற்கக்கூடும். பழைய பதிப்பில் இருப்பதும் பாதுகாப்பல்ல என்பதை அடுத்த சில நாட்களே காட்டின.

2.5.2 சங்கிலியைச் சோதித்தது. ஆனால் பெயரைச் சோதிக்கவில்லை. டொமைன் பெயரைச் சரிபார்ப்பதற்கு ஒரு விசை லைப்ரரியில் இருந்தது. பின்னிங் இல்லாத செயலிகளுக்கு அது இயல்பாக அணைந்த நிலையில் இருந்தது. நிரலாளர் தேடிப் போய் அதை ஏற்றினால்தான் உண்டு. ஆகவே தாக்குபவர் போலிச் சான்றிதழ் தயாரிக்க வேண்டிய அவசியமே இல்லை. தனக்குச் சொந்தமான ஏதோ ஒரு டொமைனுக்கு முறைப்படி ஒரு சான்றிதழ் வாங்கி, அதை வங்கியின் பெயரில் நீட்டினால் போதும். சான்றிதழ் அசல், கையொப்பம் அசல், சங்கிலி அசல். பெயர் மட்டும் வேறு. அதை யாரும் பார்க்கவில்லை. இந்த இரண்டாவது ஓட்டை பழைய பதிப்புகளிலும் இருந்ததால், பாதிக்கப்படக்கூடிய செயலிகளின் எண்ணிக்கை சுமார் 25,000 என்று சோர்ஸ்டிஎன்ஏ சொன்னது. 2.5.3 பதிப்பில்தான் பெயர்ச் சோதனை எல்லோருக்கும் இயல்பாகவே இயங்கும் நிலைக்கு வந்தது.

லைப்ரரியைத் திருத்தியதும் எல்லாம் சரியாகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓராண்டுக்கு முன்பு, 2014 பிப்ரவரியில், ஆப்பிளின் சொந்த டிஎல்எஸ் நிரலில் இதே ஜாதியைச் சேர்ந்த ஒரு பிழை வெளிப்பட்டது. 'கோட்டு ஃபெயில்' (சோதனையை விட்டு முடிவுப் பகுதிக்குத் தாவு) என்ற வரி தவறுதலாக இரண்டு முறை அடுத்தடுத்து எழுதப்பட்டிருந்தது. முதலாவது நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது எதற்கும் கட்டுப்படாமல் எப்போதும் ஓடி, கையொப்பச் சோதனையைத் தாண்டிக் குதித்து, 'பிழை இல்லை' என்ற விடையோடு வெளியே வந்தது. மிகக் கடுமையான ஓட்டை அது. ஆனால் அது இயங்குதளத்தில் இருந்ததால், பிப்ரவரி 21 அன்று ஐஓஎஸ் 7.0.6 வெளியானது, நான்கு நாட்களில் மேக்குக்கும் அப்டேட் வந்தது. அதை ஏற்றிக்கொண்ட சாதனத்தில் எல்லாச் செயலிகளும் ஒரேயடியாகச் சரியாகிவிட்டன. ஏஎஃப்நெட்வொர்க்கிங் அப்படியல்ல. ஒவ்வொரு செயலியும் தன் வயிற்றுக்குள் அதன் ஒரு பிரதியை வைத்துக்கொண்டிருந்தது. நிரலாளர் புதிய பதிப்பை எடுக்க வேண்டும், மறுபடி தொகுக்க வேண்டும், ஆப்பிளின் பரிசீலனைக்கு அனுப்ப வேண்டும், அப்புறம் பயனர் அதைப் பதிவிறக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் யாராவது ஒருவர் அசட்டையாக இருந்தால் அந்த ஃபோனில் ஓட்டை அப்படியே இருக்கும். நிறுவனமே மூடப்பட்டு, கவனிக்க ஆளில்லாமல் கிடக்கும் செயலியை யார் திருத்துவது?

இந்த வகைப் பிழை ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கு என்னிடம் இரண்டு பதில்கள் இருக்கின்றன. முதலாவது இது. நாம் ஏற்பதைச் சோதிக்கிறோம், மறுப்பதைச் சோதிப்பதில்லை. சோதனை வரிகள் எழுதும் நிரலாளர் நல்ல சர்வரோடு இணைத்துப் பார்க்கிறார். இணைந்தது, தேர்ச்சி. எல்லோருக்கும் தலையாட்டுகிற நிரலும் அதே சோதனையில் தேர்ச்சி பெறும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமானால் ஒரு கெட்ட சான்றிதழைக் கொண்டுபோய் நீட்டித்தான் பார்க்க வேண்டும். மற்ற பிழைகள் சத்தம் போடும். செயலி நின்றுபோகும், திரை வெளுக்கும், பயனர் ஒற்றை நட்சத்திரம் கொடுப்பார். சான்றிதழ் சோதனை காணாமல் போனால் எதுவும் நிற்காது. சொல்லப்போனால் வேலை இன்னும் சுலபமாகும், இணைப்புப் பிழைகளே வராது.

இரண்டாவது காரணம், லைப்ரரிகள் தரும் விசைகளின் அமைப்பு. கர்ல் லைப்ரரியின் கதை இதற்குச் சரியான உதாரணம். இணையத்தில் தரவு பரிமாறும் எண்ணற்ற நிரல்களுக்கு அடியில் இருப்பது கர்ல். அதில் பெயர்ச் சோதனைக்கான அமைப்பு மூன்று மதிப்புகளை ஏற்றது. 0 என்றால் சோதனை வேண்டாம். 2 என்றால் பெயர் பொருந்துகிறதா என்று சோதி. 1 என்றால், சான்றிதழில் ஏதோ ஒரு பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார். எந்தப் பெயராக இருந்தாலும் சரி! இயல்பாக அது 2-இல், பாதுகாப்பாகத்தான் இருந்தது. ஆனால் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதும் ஒருவர் பொறுப்பாக நினைக்கிறார்: 'பெயர்ச் சோதனை வேண்டும், ஆகவே உண்மை என்று போடுவோம்'. பிஎச்பி-யில் உண்மை என்பது எண்ணாக மாறும்போது 1. அந்த ஒரு வரியால் அவர் சோதனையை அணைத்துவிட்டார். எதுவும் எழுதாமல் விட்டிருந்தால் பத்திரமாக இருந்திருப்பார்.

2012-இல் ஸ்டான்ஃபோர்டு, டெக்சாஸ் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் உலாவி அல்லாத மென்பொருட்களின் சான்றிதழ் சோதனையை ஆராய்ந்தபோது, அமேசானின் பணப்பரிமாற்ற பிஎச்பி லைப்ரரி உட்படப் பல இடங்களில் இதே தவற்றைக் கண்டார்கள். நிரலாளர்கள் அசட்டையாக இருந்தார்கள் என்பதைவிட, லைப்ரரிகளின் விசைகளே ஆளைத் தடுக்கி விழவைக்கும்படி வடிவமைக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான் அந்த ஆய்வின் சாரம். அந்த ஆண்டின் இறுதியில் கர்ல் 7.28.1 பதிப்பு, 1 என்ற மதிப்பை ஏற்க மறுத்துப் பிழை காட்டத் தொடங்கியது. பிற்பாடு 1 என்றாலும் 2 போலவே நடந்துகொள்ளும்படி மாற்றினார்கள். பயனர் என்ன நினைத்து எழுதினாரோ அதையே செய்வது என்ற இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது.

பைத்தான் மொழியில் இயல்பு நிலையே தலைகீழாக இருந்தது. அதன் உள்ளமைந்த எச்டிடிபி நிரல்கூறு, 2014 டிசம்பரில் வெளியான 2.7.9 பதிப்புக்கு முன்பு வரை, சான்றிதழைச் சோதிக்கவே இல்லை. பாதுகாப்பான முகவரி என்று எழுதி இணைத்தாலும் எதிரில் இருப்பவர் யாரென்று கேட்காது. மாற்றினால் பழைய நிரல்கள் உடையும் என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் உடையப் போகும் நிரல்கள் அதுவரை யாரோடு பேசிக்கொண்டிருந்தன என்று யாருக்கும் தெரியாது என்பது அதைவிடப் பெரிய கவலை.

வேறு மொழிகளிலும் தளங்களிலும் இதே நிலைதான். 2012-இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் 13,500 இலவச ஆண்ட்ராய்டு செயலிகளை அலசியபோது 1,074 செயலிகளில் சான்றிதழ் சோதனை தவறாகவோ இல்லாமலோ இருக்க வாய்ப்புள்ள நிரலைக் கண்டார்கள். அவற்றில் 100-ஐக் கையால் சோதித்ததில் 41 செயலிகளில் உண்மையாகவே நடுவில் புகுந்து ஒட்டுக்கேட்க முடிந்தது.

இவற்றில் ஒரு பகுதி லைப்ரரியின் குற்றமல்ல, நிரலாளர் தானே அணைத்து வைத்தது. அலுவலகத்தில் சோதனை சர்வருக்கு முறையான சான்றிதழ் இருக்காது. இணைப்பு தோற்கும். இணையத்தில் தேடினால், செல்லாத சான்றிதழையும் ஏற்கச் செய்யும் ஒற்றை வரி விடையாகக் கிடைக்கும். ஒட்டினால் வேலை நடக்கும். வெளியீட்டு நாளன்று அந்த வரியை எடுக்க வேண்டும் என்பது நினைவில் இருக்காது. 2014 மார்ச்சில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், திரைப்பட டிக்கெட் விற்கும் ஃபாண்டாங்கோ மீதும், கடன் மதிப்பெண் சேவை தரும் கிரெடிட் கர்மா மீதும் வைத்த குற்றச்சாட்டும் தங்கள் செயலிகளில் சான்றிதழ் சோதனையை அணைத்து வைத்தார்கள் என்பதுதான். இரு நிறுவனங்களும் சமரசத்துக்கு வந்தன. 20 ஆண்டுகளுக்கு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளியாரின் பாதுகாப்புத் தணிக்கைக்கு உட்பட வேண்டும் என்பது நிபந்தனை. ஒற்றை வரிக்கு இருபது ஆண்டு. அது கடுமையான தண்டனை என்று எனக்குத் தோன்றவில்லை. கடன் அட்டை எண்ணை நம்பிக் கொடுத்தவர்களுக்கு, தாங்கள் என்ன இழந்தோம் என்று தெரிந்துகொள்ளக்கூட வழியில்லை.

மறுப்பைச் சோதிப்பது எப்படி என்பதற்கு அழகான ஒரு வழியை 2014-இல் இன்னொரு ஆய்வுக் குழு காட்டியது. இணையத்தில் இருந்து உண்மையான சான்றிதழ்களைத் திரட்டி, அவற்றின் பாகங்களைப் பிய்த்து, கண்டபடி ஒட்டி, 80 லட்சத்துக்கும் அதிகமான ஒட்டுச் சான்றிதழ்களைத் தயாரித்தார்கள். அவற்றை ஓப்பன்எஸ்எஸ்எல், குனுடிஎல்எஸ் போன்ற, டிஎல்எஸ் வேலையைச் செய்யும் பல லைப்ரரிகளிடம் நீட்டினார்கள். ஒரே சான்றிதழை ஒன்று ஏற்று இன்னொன்று மறுத்தால், யாரோ ஒருவர் தப்பு செய்கிறார் என்று அர்த்தம். எது சரி என்று முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அப்படி 208 வேறுபாடுகளைக் கண்டார்கள். பல, நிஜமான ஓட்டைகள்.

ஐஓஎஸ் 9-இல் ஆப்பிள் கொண்டுவந்த ஏடிஎஸ் என்ற ஏற்பாடு, செயலிகளின் இணைப்புகளுக்குக் குறைந்தபட்சத் தரம் ஒன்றை இயங்குதள அளவிலேயே விதித்தது. அதைத் தளர்த்த வேண்டுமானால் செயலியின் விவரக் கோப்பில் வெளிப்படையாக எழுத வேண்டும். ஏஎஃப்நெட்வொர்க்கிங்குக்கு 2023 ஜனவரியில் அதன் பராமரிப்பாளர்களே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இப்போது புதிய செயலிகளில் ஸ்விஃப்ட் மொழியில் எழுதப்பட்ட அதன் தங்கை அலமோஃபயரோ, ஆப்பிளின் சொந்த வசதிகளோதான் இருக்கும்.

நீங்கள் நிரலாளராக இருந்தால், எந்த மொழி, எந்த லைப்ரரி என்றாலும், இந்தச் சோதனைக்குக் கால் மணி நேரம் போதும். பேட்எஸ்எஸ்எல் டாட் காம் என்ற தளம் வேண்டுமென்றே கெட்ட சான்றிதழ்களை வைத்து நடத்தப்படுகிறது: காலாவதியானது ஒரு முகவரியில், தானே கையொப்பமிட்டது இன்னொன்றில், பெயர் பொருந்தாதது வேறொன்றில். உங்கள் செயலியில் சர்வர் முகவரி இருக்கும் இடத்தில் அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டுங்கள். ஒவ்வொன்றிலும் இணைப்பு தோற்க வேண்டும். முக்கியமாகப் பெயர் பொருந்தாத முகவரியில். எங்காவது ஒன்றில் 200 என்ற பதில் (கோரிக்கை வெற்றி என்று சர்வர் சொல்லும் எண்) வந்தால், அன்றைய மற்ற வேலைகளை ஓரமாக வைத்துவிட்டு, லைப்ரரியின் மூல நிரலைத் திறந்து, 'ஏற்றுக்கொள்' என்று திரும்பும் ஒவ்வொரு வரிக்கும் எந்த வழியாக வர முடியும் என்று விரல் வைத்துப் படியுங்கள்.